நாளைக்குப் பேத்தெடுக்கப்போற புல்லு

அந்த மெஷினா? அது அப்படியே நிக்கட்டும் மேடம், அதுக்கென்ன. நாளைக்குக் காலையில பேத்தெடுக்கப்போற புல்ல இன்னிக்கு எவனாவது வெட்டுவானான்னுதானே கேக்குறீங்க? நியாயமான கேள்விதான். சொல்றேன். மொதல்ல அந்தச் செம்மண்ண விட்டு இந்தப் பக்கம் வாங்க. அந்தக் குதிகால் செருப்போட நடந்தீங்கன்னா குழி குழியா விழுந்துரும். பாருங்க, நாளைக்கு மண்ணோட சேத்து எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போகப்போறாங்க, நான் இன்னும் குழிக்குக் கவலப்பட்டுக்கிட்டு இருக்கேன். முப்பத்தோரு வருஷப் பழக்கம், எங்க போகும். இந்தா, இந்த வாளியக் கவுத்துப் போடுறேன், உக்காருங்க. நவம்பர் குளிரு உங்களுக்குப் பழகல போல. இந்தச் சாக்க மடியில போட்டுக்கங்க, சுத்தமானதுதான்.

ஆமா, நான்தான் வெர்லின். இந்த பேஸ்பால் மைதானத்துக்குத் தரை பாக்குறவன். நீங்க மேல மூணாவது மாடி, கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுறவங்க. மார்னின்னு சொன்னீங்கல்ல? சரி, மார்னி மேடம். தப்பா நெனைக்காதீங்க, மூணாவது மாடியிலேருந்து இங்க எறங்கி வந்தவங்கள நான் பாத்ததே இல்ல. ஒரே ஒருத்தர் வந்தாரு ஒருதடவ. பாத்ரூம் எங்க இருக்குன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு.

யாரப் பத்தி? எலாடியோவப் பத்தியா? அவனப் பத்தி என்கிட்ட என்ன இருக்கு கேக்க. எல்லாம் உங்க பெட்டிக்குள்ளயே இருக்குமே. பதினோரு வருஷமா ரெண்டாவது பேஸுக்கும் மூணாவது பேஸுக்கும் நடுவுல நிக்கிறான். அந்தா, அந்த எடம். ஷார்ட்ஸ்டாப்னாலே இந்த ஊருல எலாடியோதான். முப்பத்தாறு வயசு. பொண்டாட்டி யனீரா, ரெண்டு பொண்ணுங்க. இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஓ. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ளயா? அவனுக்குத் திரும்ப ரெண்டு வருஷம் ஒப்பந்தம் போடலாமா வேணாமான்னு, நீங்க எழுதிக் குடுக்குறதுதான் கடைசியா? அப்படியா. உங்களுக்கு என்ன வயசு மேடம்? இல்ல, சும்மா கேட்டேன். இருபத்தேழு வயசுல ஒருத்தன் பொழப்ப எழுதிக் குடுக்கச் சொல்றாங்க உங்கள. பாவம் நீங்களும்.

இந்த ஊருல இப்ப வேற பேச்சே கிடையாது, தெரியுமா? சீசன் முடிஞ்சு ஆறு வாரம் ஆச்சு, இன்னும் அதே பேச்சுதான். முடி வெட்டப் போனா அந்த டெல்பர்ட் இருக்கானே, கத்திரியத் தூக்கிக்கிட்டுக் கத்துறான். எலாடியோவ விட்டீங்கன்னா உங்க டீம்காரன் ஒருத்தன் தலையத் தொடமாட்டேன்ங்குறான். என் டீமாடா அது, நான் புல்லு வெட்டுறவன்டா, நீ முடி வெட்டுறவன், நமக்குள்ள எதுக்குச் சண்டைன்னேன். பக்கத்து நாற்காலிக்காரன் விடல. முப்பத்தாறு வயசுல எவனுக்கு ரெண்டு வருஷம் குடுப்பாங்க, அவன் வெளியூர்ல ஆடுறதப் பாத்தியா, கல்லு மாதிரி நிக்கிறான்னு அவன் ஒரு பக்கம். ரேடியோவுல வேற காலையிலேருந்து கத்துறாங்க. எல்லாரும் பேசி முடிச்சு என்கிட்ட வருவாங்க. நீதானே டெய்லி பாக்குற, நீ சொல்லு வெர்லின்னு. முடிய வெட்டுங்கப்பா, எனக்கு நேரமாச்சுன்னு சொல்லிருவேன்.

ம், காட்டுங்க. கண்ணாடி எடுத்துட்டு வரல, நீங்களே சொல்லுங்க. பச்சையெல்லாம் இங்க ஆடினது, செவப்பெல்லாம் வெளியூரு. சரி. இங்க ஆடும்போது அவன் பக்கம் வர்ற தரைப் பந்துல பத்துக்கு ஒம்பது எடுக்குறான். வெளியூர்ல ஆறு, சில ஊர்ல அஞ்சு. ரெண்டு வருஷமாவே இப்படித்தானா. அதுக்கு முன்னாடி ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சா.

அது என்ன மேடம், சொந்த வீட்டுக் கட்டில்ல படுத்து எந்திரிக்கிறதும் ஓட்டல் கட்டிலும் ஒண்ணா? அந்த வயசுல முதுகு பிடிச்சுக்கிட்டா அவ்வளவுதான். அப்புறம் யனீரா சோறு ஆக்கிப் போடுறா. அரிசியும் செவப்பு மொச்சையும் கோழியும் போட்டு ஒரு கொழம்பு வைப்பா பாருங்க, எனக்கே ஒரு டப்பா குடுத்துவிடுவா. வெளியூர்ல ராத்திரி பதினோரு மணிக்கு ஏதோ ரொட்டிய வாங்கித் தின்னுட்டுப் படுக்குறான். அப்புறம் நம்ம ஜனங்க. அவன் பேரச் சொன்னதும் மொத்தக் கூட்டமும் எந்திரிக்குதுல்ல, அதுல ஒருத்தனுக்கு ரெண்டு கால் நாலு காலாயிராதா?

மத்தவங்களுக்கு அப்படி இல்லையா? மத்த எல்லாருக்கும் இங்கயும் அங்கயும் ஒரே மாதிரியா? அவங்களும் பொண்டாட்டி கையாலதான் சாப்புடுறாங்கன்னு சொல்றீங்க. நீங்க விடமாட்டீங்க போலருக்கே.

மணி என்ன மேடம்? பத்தே முக்காலா. இல்ல, பதினோரு மணிக்கு அவன் வருவான், அதுக்குத்தான் கேட்டேன். ஆமா, இப்பவும்தான். ஆட்டம் இல்லாட்டியும் வருவான். சீசன் முடிஞ்சதும் மத்தவன்லாம் மீன் பிடிக்கவும் கடலப் பாக்கவும் போயிட்டானுங்க. இவன் மழை, பனி இல்லாத நாளெல்லாம் பதினோரு மணிக்கு அந்தக் கேட்ல வந்து நிப்பான், கையில ரெண்டு காபியோட. ஒண்ணு அவனுக்கு, ஒண்ணு எனக்கு. குடிச்சுட்டு அம்பது அறுவது தரைப் பந்து எடுப்பான். கோச்சு யாரும் இல்லல்ல, அதனால நான்தான் அடிச்சுக் குடுக்குறேன். இந்தக் கையால.

எனக்கும் அவனுக்கும் எப்படியா? ஒண்ணு சொல்லவா, சிரிக்கக்கூடாது. சிரிச்சாலும் பரவால்ல, ஊரே சிரிச்சதுதான். நாலு வருஷத்துக்கு முன்னாடி ஆட்டத்துக்கு நடுவுல திடீர்னு புயல் மாதிரி மழை. தரைய மூட நாங்க பதினாலு பேரு தார்ப்பாய இழுத்துக்கிட்டு ஓடுறோம். காத்து அடியில பூந்து ஒரு தூக்குத் தூக்குச்சு பாருங்க, மத்தவன்லாம் கைய விட்டுட்டான், நான் விடல. எதுக்கு விடலன்னு கேக்காதீங்க, புத்தி அவ்வளவுதான். தார்ப்பாய் என்னச் சுருட்டிச் சாப்புட்டுருச்சு. உள்ள ஒரே இருட்டு, மேல தண்ணி எடை, மூச்சு முட்டுது. வெளியில நாப்பதாயிரம் பேரு சிரிக்கிற சத்தம் கேக்குது. பெரிய திரையில அதத் திரும்பத் திரும்பப் போடுறாங்க. நான் உள்ள செத்துக்கிட்டு இருக்கேன், மேடம். ஒருத்தன் மட்டும் சிரிக்கல. மழைக்குன்னு ஷூவக் கழட்டி வச்சுட்டு உக்காந்திருந்தவன், வெறும் காலுறையோட ஓடி வந்து, பல்லால கடிக்காத கொறையா அந்தப் பாயப் பிரிச்சு என் சட்டையப் பிடிச்சு வெளிய இழுத்தான். இழுத்துப் போட்டுட்டு என்ன சொன்னான் தெரியுமா? அண்ணே, ஒரு தார்ப்பாய்க்காகச் சாவீங்களா, எனக்கு நாளைக்கு யாரு மண்ணப் பரப்பி விடுவான்னான். அப்பத்தான் எனக்கும் சிரிப்பு வந்துச்சு.

அதுக்கு முன்னாடியும் நல்ல பையந்தான். ஆட்டம் முடிஞ்சதும் அவன் கால் தடத்த அவனே தேச்சு அழிச்சுட்டுப் போவான், எனக்கு வேலை கொறையட்டும்னு. எத்தன பேரப் பாத்திருப்பேன் இந்த முப்பத்தோரு வருஷத்துல. எச்சியத் துப்பிட்டுப் போறவன்தான் எல்லாம்.

இல்ல, பேச்ச மாத்தல மேடம். அதுக்குத்தான் வர்றேன். தடம்னு சொன்னேன்ல?

நீங்க கம்ப்யூட்டரப் பாக்குறீங்க. நான் மண்ணப் பாக்குறேன். ஆட்டம் முடிஞ்சு விளக்கு அணையிறதுக்குள்ள வாருகோல எடுத்துக்கிட்டு எறங்குவேன், அப்ப ஒவ்வொருத்தன் நின்ன எடத்துலயும் ஆணி ஷூ போட்ட ஓட்டை இருக்கும்ல, அதப் பாத்தா அன்னிக்கு அவன் என்ன பண்ணான்னு சொல்லிருவேன். எவன் தூங்கி வழிஞ்சான், எவனுக்குக் குதிகால் வலி, எவன் பயந்து பின்னாடி போனான், எல்லாம் தெரியும். எலாடியோ தடம் எனக்கு என் கையெழுத்து மாதிரி. பந்த அடிக்கிற சத்தம் கேட்டதும் எடது கால ஒரே எட்டு, நீளமா, ஆழமா வைப்பான். மண்ணு பிச்சுக்கிட்டு இருக்கும் அந்த எடத்துல. ஒம்பது வருஷம் அதே எடம், அதே ஆழம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, மே மாசம். ஒரு நாள் பாக்குறேன், ஒரு எட்டுக்குப் பதிலா ரெண்டு எட்டு. சின்னச் சின்னதா. முன்கால் தேச்சிருக்கு. சரி, அன்னிக்கு உடம்பு முடியல போலன்னு நெனச்சேன். மறுநாளும் ரெண்டு. ஒரு வாரம், ரெண்டு வாரம், எல்லாம் ரெண்டு எட்டுதான். அந்த வாருகோல வச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். கூட இருந்தவன் என்னண்ணே எதாவது தொலச்சுட்டீங்களான்னு கேட்டான்.

அவன் கால் போயிருச்சு, மேடம். டாக்டர் பாக்கல, மேனேஜர் பாக்கல, உங்க பெட்டியும் பாக்கல. எனக்கு மட்டும் தெரியும். அவனுக்கே தெரியாது.

யார்கிட்டயும் சொல்லலதான். யார்கிட்டப் போய் என்னன்னு சொல்ல? பையனோட தடம் சரியில்லைன்னா?

அப்ப எப்படி பத்துக்கு ஒம்பது எடுத்தான்னு கேக்குறீங்க. கால் போனவன் எப்படி இங்க மட்டும் எடுப்பான். கேப்பீங்கன்னு தெரியும். நீங்க அங்கிருந்து வரும்போதே தெரியும் எனக்கு, இந்தப் பொண்ணு இதக் கேக்காமப் போகாதுன்னு.

இருங்க. அதுக்கு முன்னாடி இன்னொண்ணு சொல்லணும். அதையும் சேத்துத் தெரிஞ்சுக்கங்க.

மூணு வாரத்துக்கு முன்னாடி, இதே எடத்துல, நீங்க உக்காந்திருக்கிற வாளியில அவன் உக்காந்திருந்தான். தெக்கே ஒரு டீம்லேருந்து கூப்புட்டிருக்காங்க. ஆட இல்ல, கோச்சா. சின்னப் பசங்களுக்குப் பந்து எடுக்கக் கத்துக் குடுக்குற வேலை. நல்ல வேலை மேடம், வருஷக்கணக்கா இருக்கலாம், குடும்பத்தோட ஒரே ஊர்ல இருக்கலாம். ஒரு வாரத்துல பதில் சொல்லணும். என்ன அண்ணே சொல்றீங்கன்னான். என்கிட்டக் கேட்டான். பொண்டாட்டிகிட்டக் கேக்குறதுக்கு முன்னாடி என்கிட்டக் கேட்டான்.

அவனே பேசிக்கிட்டும் இருந்தான். அண்ணே, கால் இன்னும் இருக்குண்ணே, நீங்களே பாக்குறீங்கல்ல, முப்பத்துமூணு வயசுல எடுக்காத பந்தெல்லாம் இப்ப எடுக்குறேன், இப்பப் போய்க் கோச்சுன்னு உக்காந்தா நாளைக்கு என்னையே நான் மன்னிப்பேனான்னான். வெளியூர்ல மட்டும் ஏன்டா தடுமாறுறன்னு கேட்டேன், மெதுவா. அங்கெல்லாம் தரையா அண்ணே அது, ரோடு மாதிரி இருக்கு, பந்து கண்டபடி எகிறுது, உங்கள மாதிரி ஒருத்தன் எந்த ஊர்லயும் இல்லண்ணேன்னான். முகமெல்லாம் சிரிப்பு. என்னப் பாராட்டுறானாம்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? கால் உன்னோடது, உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு சொன்னேன். இந்த வாயால. காபியக் குடிச்சுக்கிட்டே சொன்னேன்.

மறுநாளே போன் போட்டு வேணாம்னு சொல்லிட்டான். அவங்க வேற ஆளப் போட்டுட்டாங்க. முடிஞ்சுபோச்சு அது.

எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல மேடம். அன்னிக்குலேருந்து தெனமும் இதேதான். சொல்லணும்னு வாயத் தொறப்பேன், அவன் காபிய நீட்டுவான், மூடிக்குவேன்.

சரி, எந்திரிங்க. செருப்பக் கழட்டிருங்க. குளிரும், ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கங்க. இந்தப் பக்கம், மொத பேஸ் பக்கம் வாங்க. குனிஞ்சு கைய வைங்க புல்லுல. விரல உள்ள விடுங்க, அடி மண்ணு தட்டுற வரைக்கும். எவ்வளவு? ஒண்ணேகால் இஞ்சு இருக்குமா? அதேதான். இப்ப இங்க வாங்க, மூணாவது பேஸ் பக்கம். எலாடியோவுக்கு முன்னாடி இருக்கிற புல்லு. அந்த மெஷின் நிக்குதுல்ல, அதத் தாண்டி வாங்க. இங்க வைங்க கைய.

ஆமா. ரெண்டு இஞ்சுக்கு மேல.

பாத்தாத் தெரியாது. எப்படித் தெரியும்? ரோலர் போட்டு பட்டை பட்டையா ஒண்ணு இளம்பச்சை, ஒண்ணு கரும்பச்சைன்னு படிய வச்சிருக்கேன்ல, அதுல உயரம் மறஞ்சுபோயிரும். டிவியில மேலேருந்து காட்டும்போது ஆஹா எவ்வளவு அழகு பாருங்கன்னு சொல்வாங்க. போன வருஷம் எங்க தரைக்காரங்க சங்கத்துல கேடயம்கூடக் குடுத்தாங்க எனக்கு. ரூம்ல இருக்கு, அது மேல தொப்பிய மாட்டி வச்சிருக்கேன். பாக்கப் புடிக்கல.

ஒரேயடியா வளக்கல. ரெண்டு வாரத்துக்கு ஒரு நூல் அளவு கத்திய ஏத்துவேன். அப்புறம் அந்தப் பக்கத்து மண்ணுக்கு மட்டும் ஆட்டத்துக்கு முன்னாடி ரெண்டு வாளித் தண்ணி கூட. பந்து அந்தப் புல்லுக்குள்ள பூந்து அந்த ஈரத்துல விழுந்து வர்றதுக்குள்ள ஒரு கண் இமைக்கிற நேரம் கூடக் கெடைக்கும். அந்த நேரம் போதும் அவனுக்கு. ஒரு எட்டு வைக்க முடியாதவன் ரெண்டு எட்டு வச்சுப் போய் எடுத்துருவான். ஜனங்க எந்திரிச்சுக் கை தட்டுவாங்க. அவன் தொப்பியத் தொட்டுக் காட்டுவான். நான் அந்தத் தார்ப்பாய் கொட்டகைக்குள்ள நின்னு பாத்துக்கிட்டு இருப்பேன்.

சட்டப்படி குத்தமில்ல, மேடம். புல்லு இவ்வளவுதான் இருக்கணும்னு எந்த விதியும் கிடையாது. எல்லா ஊர்லயும் பண்றதுதான். வேகமா ஓடுறவன் வர்றான்னா ஓடுற பாதைய நனைப்பாங்க, நம்ம பந்து போடுறவனுக்கு வசதியா அவன் நின்னு எறியிற மேட்டச் செதுக்குவாங்க. ஆனா அதெல்லாம் மேனேஜர் சொல்லிப் பண்றது. ஊர்ல எந்தத் தரைக்காரனும் தானா ஒரு ஆளுக்காகப் பண்ணமாட்டான். எனக்கு யாரும் சொல்லல. அவனும் கேக்கல. சத்தியமா கேக்கல. அவனுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே ஷூவக் கழட்டி என் மூஞ்சில எறிஞ்சுட்டுப் போயிருப்பான். நானேதான். ஒருத்தன் என்னத் தார்ப்பாய்லேருந்து இழுத்தான், நான் அவன இழுக்குறேன்னு நெனச்சுக்கிட்டேன். இழுக்கல மேடம், நல்லா மூடிட்டேன் அவன.

அவனோட போச்சா? நம்ம டீம்லயே அந்த டாபர்னு ஒருத்தன் இருந்தானே, ஒல்லியா, செம்பட்டத் தலை. அடிக்கிறதெல்லாம் தரைப் பந்து, எல்லாம் இந்தப் பக்கம்தான் அடிப்பான். அவன் அடிச்சதெல்லாம் என் புல்லுல சிக்கி எதிராளி கையில போய் விழுந்துச்சு. ஆகஸ்டுல கீழ் டீமுக்கு அனுப்பிட்டாங்க. போகும்போது என்கிட்டயும் கைகுடுத்துட்டுத்தான் போனான். நல்லா இருங்கன்னு சொல்லிட்டுப் போனான். இது உங்க பெட்டியில எந்தக் கலர்ல வரும்?

இப்ப இதப் பேத்துட்டு பிளாஸ்டிக் புல்லு விரிக்கப்போறாங்க. நான் வேணாம்னு சொல்லல, எனக்கு வேலை இருக்குன்னு சொல்லிட்டாங்க. தூசி உறிஞ்சுற வண்டி ஒண்ணு குடுப்பாங்களாம், ஓட்டிக்கிட்டு இருக்க வேண்டியதுதான். அது இல்ல விஷயம். பிளாஸ்டிக்ல பந்து எப்படி வரும்னு உங்களுக்குத் தெரியும்ல? சறுக்கிக்கிட்டு வரும். அடிச்ச வேகத்துல கொஞ்சம்கூடக் கொறையாது. அதுல என்னால ஒரு மயிரும் வளக்க முடியாது... மன்னிச்சுக்கங்க, வாய் தவறிருச்சு. அவன் என்ன சொல்றான் தெரியுமா? அண்ணே, பிளாஸ்டிக்ல பந்து நேரா வரும், எனக்கு இன்னும் சுலபம்ங்குறான். ஏப்ரல் மாசம் மொத ஆட்டம். மொதப் பந்து அவன் எட்டு வைக்கிறதுக்குள்ள தாண்டிப் போயிரும். ரெண்டாவதும் போகும். ஒரு மாசம் பொறுப்பாங்க ஜனங்க. அப்புறம் இதே டெல்பர்ட்டு, இதே கூட்டம், எந்திரிச்சு நின்னு ஊளையிடும். அவன் பொண்ணுங்க அந்த மூணாவது வரிசையிலதான் உக்காருவாங்க. அவன் திரும்பி என்னப் பாப்பான். எனக்கு என்ன ஆச்சு அண்ணேன்னு பாப்பான்.

நான் என்ன சொல்வேன்?

மெஷினா. ஆமா, சொல்றேன்னு சொன்னேன்ல. காலையில அஞ்சரை மணிக்கு வந்தேன். என்னால வாயத் தொறந்து சொல்ல முடியலல்ல, அதனால இந்தப் பக்கத்தையும் ஒண்ணேகாலுக்கு எறக்கி வெட்டிடலாம்னு நெனச்சேன். மண்ணையும் காயவிட்டேன். பதினோரு மணிக்கு அவன் வருவான், கடைசித் தடவையா இந்தப் புல்லுல அம்பது பந்து எடுப்பான், நான் எப்பவும் போல மெதுவா இல்லாம, ஆட்டத்துல அடிக்கிற மாதிரி பலமா அடிப்பேன். போற பந்து போகும். அவனே தெரிஞ்சுக்குவான், யாரும் இல்லாத எடத்துல, என் முன்னாடி மட்டும். அது கொஞ்சம் மரியாதையா இருக்கும்னு தோணுச்சு. வெட்ட ஆரம்பிச்சேன். மூணு பட்டை வெட்டிட்டேன், அந்தா பாருங்க, அந்த ஓரம். நாலாவது பட்டைக்குத் திருப்பினேன். கை வரல. மெஷின நிறுத்திட்டு எறங்கிட்டேன். அப்பலேருந்து அது அங்கயேதான் நிக்குது.

இப்ப என்ன கேக்குறீங்க? நேரடியாவா? போடலாமா வேணாமான்னா?

போடாதீங்க.

ஆமா, எழுதிக்கங்க. போடாதீங்க. வெர்லின் சொன்னான்னும் வேணா எழுதிக்கங்க, இல்ல எழுதாதீங்க, எனக்கு எதுன்னே தெரியல. அந்தச் செவப்புதான் அவன் நெசமான கணக்கு. பச்சையெல்லாம் என்னோடது.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் மேடம். உங்க கையப் புடிச்சுக் கேக்குறேன். அவன்கிட்ட எதுவேணா சொல்லுங்க. வயசாச்சுன்னு சொல்லுங்க. மொதலாளி கஞ்சன்னு சொல்லுங்க, அது பொய்யும் இல்ல. இருபத்திரண்டு வயசுல ஒருத்தன் கெடச்சிருக்கான்னு சொல்லுங்க. அவன் கோவப்படுவான், கத்துவான், உங்களத் திட்டுவான், மூணாவது மாடிக்கு என்ன தெரியும் விளையாட்டப் பத்தின்னு கேப்பான். கேக்கட்டும். சாகுற வரைக்கும் உங்கள வஞ்சுக்கிட்டே இருக்கட்டும். அதத் தாங்கிக்குவீங்க நீங்க, சின்ன வயசு. புல்லுன்னு மட்டும் சொல்லிராதீங்க. அந்த ரெண்டு வருஷமும் அவன் எடுத்ததுன்னே இருக்கட்டும். அந்தக் கைதட்டல அவன்கிட்டேருந்து புடுங்கிராதீங்க.

சத்தியமா? சரி. சரி.

ஐயோ, அழாதீங்க நீங்க. கண்ணத் தொடச்சுக்கங்க. செருப்ப மாட்டுங்க சீக்கிரம், கேட்டுச் சத்தம். அவன்தான். ரெண்டு கையிலயும் காபி, அதான் முட்டியால தள்ளுறான் கதவ.

வாடா, வா வா. பாத்து வா, அந்தப் பக்கம் ஈரம் இல்ல இன்னிக்கு. இவங்களா? ஆபீஸ்லேருந்து. ஒண்ணுமில்லடா, நாளைக்குப் பேத்துருவாங்கல்ல, அதான் கடைசியா ஒருதடவ புல்லப் பாத்துட்டுப் போலாம்னு வந்தாங்க. அந்த மெஷினா? அது கெடக்குது, தள்ளி வைக்கலாம், ஒரு கை குடு. கையுறைய மாட்டிக்க, ஆரம்பிப்போம். எப்பவும் போலத்தான்டா அடிப்பேன். எப்பவும் போலத்தான்.